கீழ் ஸ்தாயியின் பெட்டி

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையின் பூக்கடைகளையும் நகைக்கடைகளையும் கடந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கமாக இறங்கினால், ஜாலான் புசார் தொடங்கும் முனையில் சிம் லிம் டவர் என்னும் கட்டடம் நிற்பதைக் காணலாம். தேக்கா சந்தைக்குக் காய்கறி வாங்கவோ கோயிலுக்குக் கும்பிடவோ வருகிறவர்களில் பலர் அதற்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள்; எனினும் மின்னணுச் சாதனங்களைத் தம் கையாலேயே பிரித்துப் பார்க்கும் ஆர்வமுடையவர்களுக்கு, கன்டென்சரும் ரெசிஸ்டரும் ஜாக்கும் ஸ்விட்சும் செம்புக் கம்பியும் சில்லறையாகக் கிடைக்கும் அதன் கீழ்த்தளக் கடைகள் நெடுங்காலமாகப் பழக்கமானவை. அதற்கு மிக அருகிலேதான், 2017ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் தேதி மூடப்படும் வரையில், சுங்கை ரோடு பழம்பொருள் சந்தை தரையில் விரித்த கித்தான்களின்மேல் பழைய ரேடியோக்களையும் ஒலிபெருக்கிகளையும் பரப்பி வைத்து விற்றுக்கொண்டிருந்தது. ஆகவே இந்த வட்டாரத்துக்கும் ஒலிப்பெட்டிகளைத் திறந்து பார்க்கும் வித்தைக்கும் உள்ள சம்பந்தம் பழையது. அந்த வித்தையில் ஒரு சிறு பகுதியைத்தான் இக்கட்டுரையில் விஸ்தாரமாகச் சொல்ல விரும்புகிறேன்: பேஸ் கிட்டாருக்கு உரிய ஸ்பீக்கர் பெட்டியில், கிராஸ்ஓவர் என்னும் பிரிப்புச் சுற்றையும் ட்வீட்டர் என்னும் உச்ச ஸ்தாயி ஒலிபெருக்கியையும் விலக்கிவிட்டு, ஆம்ப்ளிஃபயரிலிருந்து வரும் மின்சாரத்தை நேரே ஊஃபர் என்னும் கீழ் ஸ்தாயி ஒலிபெருக்கிக்கே செலுத்துவது எப்படி, எதற்காக, எந்தெந்த எச்சரிக்கைகளோடு என்பதே விஷயம்.

பேஸ் கிட்டார் என்றால் தமிழ் ரசிகர்களுக்கு அந்நியமான வாத்தியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். 1976இல் ‘அன்னக்கிளி’ படத்தோடு இளையராஜா வந்தபின், நம் திரைப்பாடல்களில் அடிநாதமாக ஓடும் அந்த வாத்தியத்துக்குத் தனி வழியும் தனிப் பேச்சும் கிடைத்தன. சசிதரன் வாசித்த பேஸ் வரிகளையும், பின்னர் ஏ.ஆர். ரகுமானின் பாடல்களில் கீத் பீட்டர்ஸ் வாசித்தவற்றையும், பெயர் தெரியாமலே முணுமுணுத்து வளர்ந்தவர்கள் நாம். சிங்கப்பூரிலோ அதன் சரித்திரம் இன்னும் முந்தியது. 1961 நவம்பரில் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவினரும் ஹேப்பி வோர்ல்ட் அரங்கில் நிகழ்ச்சி நடத்திப் போன பிறகு, பள்ளிப் பையன்கள் பலர் கிட்டார்களைக் கையில் எடுத்தார்கள். குவீன்ஸ்டவுன் பள்ளி மாணவர்களின் குவெஸ்ட்ஸ் குழு 1964இல் வெளியிட்ட ‘ஷாண்டி’ இசைத்தட்டு இந்நகரத்து இளைஞர்களிடையே பெரும் வரவேற்பைப் பெற்றது. அவ்வகைக் குழுக்கள் ஒவ்வொன்றிலும் கனத்த தந்திகளோடு ஒருவர் பின்வரிசையில் நின்றார்.

அந்தத் தந்திகள் எவ்வளவு தாழ்வான நாதத்தை எழுப்புகின்றன என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் விநாடிக்குச் சுமார் 131 அதிர்வுகள், அதாவது 131 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தியைத் திறந்து மீட்டினால் கிடைப்பதோ 41 ஹெர்ட்ஸ். ஒன்றரை ஸ்தாயிக்கும் அதிகமாகக் கீழே இறங்கிவிட்டோம். ஐந்து தந்தி பேஸில் அது ஏறத்தாழ 31 ஹெர்ட்ஸ் வரை போகும். மேற்பக்கம் பார்த்தால், ஃப்ரெட் என்னும் உலோகக் கட்டைகள் 20 உள்ள வாத்தியத்தின் மெல்லிய தந்தியில் கடைசிக் கட்டையை அழுத்தினாலும் ஆதார அதிர்வு 311 ஹெர்ட்ஸைத் தாண்டாது. அப்படியிருக்க, மூவாயிரம் ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியை மட்டுமே பேசக்கூடிய ட்வீட்டருக்கு இந்த வாத்தியத்தின் பெட்டியில் என்ன வேலை என்று கேட்பது நியாயமான கேள்வி.

அதற்கு விடை, ஆதார நாதத்தோடு கூடவே எழும் அனுசுரங்களில் இருக்கிறது. தந்தி அதிரும்போது தன் ஆதார அதிர்வை மட்டுமல்லாமல் அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, பத்து மடங்கு, முப்பது மடங்கு என்று பல அதிர்வுகளையும் மெலிதாகச் சேர்த்தே எழுப்புகிறது. விரல் தந்தியைத் தொடும் சத்தம், தந்தி உலோகக் கட்டையில் மோதும் ‘ணங்’ என்னும் ஓசை ஆகியவையும் அந்த மேற்பகுதியிலேதான் வாழ்கின்றன. மிருதங்கத்தில் தொப்பியின் கும்காரம் ஒரு பக்கம், வலந்தலையின் தெளிவான சொற்கள் ஒரு பக்கம் என்று இருந்தும் இரண்டும் ஒரே வாத்தியத்தின் பேச்சாக நம் காதில் விழுவதைப்போல, பேஸ் கிட்டாரிலும் கீழ்ப்பகுதி எடையைத் தருகிறது. மேற்பகுதி உச்சரிப்பைத் தருகிறது. உச்சரிப்பு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் வித்வான்களுக்குள் அபிப்பிராய பேதம்.

சரித்திரத்தைப் பார்த்தால், இந்த உச்சரிப்பைப் பற்றி ஆரம்பத்தில் யாரும் அதிகம் கவலைப்படவில்லை. அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் தமது பிரிசிஷன் பேஸை 1951இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1960இல் வந்த ஆம்பெக் நிறுவனத்தின் பி-15 என்னும் சிறு பெட்டியில் 15 அங்குல ஊஃபர் ஒன்றுதான், ட்வீட்டர் கிடையாது. 1969இல் அதே நிறுவனம் பெரிய மேடைகளுக்காக 300 வாட் சக்தியுள்ள எஸ்.வி.டி. ஆம்பையும், அதற்கு ஈடாக எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட பெரிய பெட்டியையும் செய்தபோதும் ட்வீட்டரைச் சேர்க்கவில்லை. பிற்பாடுதான் நிலைமை மாறியது. லாரி கிரஹாம் போன்றவர்கள் கட்டைவிரலால் தந்தியை அறைந்து, மற்றொரு விரலால் கொக்கியிட்டு இழுத்து வாசிக்கும் பாணியை 1960களின் இறுதியில் தொடங்கிவைத்தார்கள். அந்த அறையின் கூர்மை முழுவதும் கேட்க வேண்டுமானால் ஊஃபரின் கனத்த காகிதக் கூம்பு போதாது. 1980களில் எஸ்.டபிள்யூ.ஆர். முதலிய நிறுவனங்கள் நான்கு 10 அங்குல ஊஃபர்களோடு கொம்பு வடிவ ட்வீட்டரையும் பொருத்திய பெட்டிகளை விற்கத் தொடங்கின. அதுவே பிறகு பொது வழக்காகிவிட்டது. இன்று கடையில் வாங்கும் நடுத்தர விலைப் பெட்டி பெரும்பாலும் ட்வீட்டரோடுதான் வருகிறது, வாங்குகிறவர் அறைந்து வாசிப்பவரானாலும் சரி, விரல் நுனியால் மென்மையாக வருடுகிறவரானாலும் சரி.

வருடி வாசிக்கிறவர்களுக்கு இந்த ட்வீட்டர் தொல்லையாக இருப்பதற்குக் காரணங்கள் உண்டு. ஆம்பின் உள்ளே எப்போதும் இருக்கும் ‘ஸ்ஸ்’ என்ற இரைச்சல் ட்வீட்டர் வழியேதான் வெளிப்படுகிறது. விரல் ஒரு கட்டையிலிருந்து மற்றொன்றுக்கு நகரும்போது தந்தியின் சுற்றுக்கம்பியில் உராயும் கீச்சொலி பெரிதாகக் கேட்கிறது. ஃபஸ் அல்லது டிஸ்டார்ஷன் பெடலை மிதித்து ஓசையை வேண்டுமென்றே முரடாக்குகிறவர்களுக்கோ இது பெரிய விபரீதம். அந்தப் பெடல் உண்டாக்கும் உச்ச அனுசுரங்கள் ட்வீட்டரில் வரும்போது காதைக் கிழிக்கும் சலசலப்பாகிவிடுகின்றன, ஊஃபரில் மட்டும் வரும்போது கூம்பு தானாகவே அவற்றை மழுங்கச் செய்து கனமான உறுமலாக மாற்றுகிறது. இவை போதாதென்று, ட்வீட்டர் எளிதில் கருகிப்போகும் பொருளும்கூட. ஆம்பை அதன் சக்திக்கு மேல் முடுக்கினால் மின் அலையின் தலை வெட்டுப்பட்டு, உச்ச அதிர்வுகளின் பங்கு திடீரென்று பெருகுகிறது. ஊஃபர் தாங்கும் சக்தியில் சிறு பின்னமே தாங்கக்கூடிய ட்வீட்டரின் மெல்லிய சுருள் அந்த உஷ்ணத்தில் அறுந்துவிடுகிறது. இதற்கு அஞ்சியே சில உற்பத்தியாளர்கள் ட்வீட்டருக்கு முன்னால் ஒரு சிறு பல்பைத் தொடராக வைக்கிறார்கள். மின்னோட்டம் மிகும்போது அதன் இழை சூடேறித் தடையை உயர்த்தி ட்வீட்டரைக் காக்கிறது. கருகிய ட்வீட்டருக்குப் புதிது வாங்குவதா, அதை விட்டே தொலைப்பதா என்ற யோசனையில்தான் பலர் இந்தக் காரியத்துக்கு வந்து சேர்கிறார்கள்.

கிராஸ்ஓவர் என்பது எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ளாமல் அதைத் துண்டிக்கக் கூடாது. அதில் முக்கியமாக இரண்டே உறுப்புகள். ஒன்று கன்டென்சர், அது அதிர்வெண் உயர உயர மின்னோட்டத்துக்கு வழிவிடும், தாழ்ந்தால் தடுக்கும். மற்றது செம்புக் கம்பிச் சுருள், காயில் என்று கடைக்காரர்கள் சொல்வது. அதன் சுபாவம் நேர் எதிர். ஆதலால் ட்வீட்டருக்குப் போகும் வழியில் கன்டென்சரையும் ஊஃபருக்குப் போகும் வழியில் காயிலையும் வைத்தால், ஒரே மின்னோட்டம் இரண்டாகப் பிரிந்து உச்சமும் கீழும் தத்தம் இடத்துக்குப் போய்விடுகின்றன. 8 ஓம் ட்வீட்டரை 3,000 ஹெர்ட்ஸில் பிரிக்க வேண்டுமானால் சுமார் 6.6 மைக்ரோ ஃபாரட் கன்டென்சரும், அதே இடத்தில் 8 ஓம் ஊஃபரை நிறுத்தச் சுமார் 0.42 மில்லி ஹென்றி காயிலும் கணக்குப்படி போதும். இது எளிய முதல்படிச் சுற்று. பிரிப்பு இன்னும் செங்குத்தாக இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள், ட்வீட்டருக்கு முன்னால் கன்டென்சரும் ட்வீட்டருக்கு இணையாக ஒரு காயிலும் வைத்து இரண்டாம்படிச் சுற்றாக அமைப்பார்கள்.

பேஸ் பெட்டிகளில் இருவகை உண்டு என்பதே இந்த விஷயத்தில் நான் மிக வற்புறுத்திச் சொல்ல விரும்புவது. முதல் வகைப் பெட்டியில் ஊஃபருக்குக் கிராஸ்ஓவரே கிடையாது. ஜாக்கிலிருந்து கம்பி நேரே ஊஃபருக்குப் போய்விடுகிறது, பக்கக் கிளையாக ஒரு கன்டென்சர் மட்டும் ட்வீட்டருக்கு உச்ச ஒலியைக் கொண்டுபோகிறது. இதில் செய்ய வேண்டியது அந்தக் கிளையைக் கழற்றிவிடுவது ஒன்றே. இரண்டாம் வகைப் பெட்டியில் ஊஃபரும் காயிலின் வழியாகவே பேசுகிறது. இதில் ட்வீட்டரை மட்டும் கழற்றிவிட்டுக் காயிலை அப்படியே விட்டால், மேற்பகுதியைச் சொல்ல ஆளில்லாமல், ஊஃபரின் சொந்தக் குரலும் அடைபட்டு, கம்பளியால் மூடிய ஓசை வரும். இங்கே ஜாக்கிலிருந்து ஊஃபருக்குப் புதிய கம்பி இழுத்தாக வேண்டும். அப்படி இழுத்த பிறகு வரும் ஓசை, ட்வீட்டர் போனதால் மங்கலாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறவர்களை ஆச்சரியப்படுத்தும். ஏனெனில் ஊஃபரின் கூம்பு 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் அளவில் தானே சற்றுக் கரடுமுரடாக எழும்பிப் பேசும் இயல்புடையது, இதுவரை காயில் அதை அமுக்கி வைத்திருந்தது. அந்தக் கரடுமுரடுதான் பழைய பெட்டிகளின் குணம். அது உங்கள் காதுக்குப் பிடிக்கிறதா என்பதைப் பெட்டியைத் திறந்த பின்பே அறிய முடியும்.

இன்னொரு ஆபத்து அநேகர் அறியாதது. இரண்டாம்படிச் சுற்றுள்ள பெட்டியில் ட்வீட்டரின் கம்பிகளை மட்டும் உருவிவிட்டு, சுற்றை ஆம்போடு இணைந்தே இருக்க விட்டால், எஞ்சி நிற்பது தொடராக அமைந்த ஒரு கன்டென்சரும் காயிலும். பிரிப்பு அதிர்வெண்ணுக்கு அருகில் இவ்விரண்டின் எதிர்ப்பும் ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். மிஞ்சுவது கம்பியின் சொற்பத் தடை மட்டுமே. அதாவது அந்த ஒரு சுரத்தில் ஆம்பின் வாயிலை ஏறக்குறையக் குறுக்குச் சுற்றாக மூடியதாகிறது. இதுவரை ட்வீட்டரே ஒரு சுமையாக இருந்து அதைத் தணித்துக்கொண்டிருந்தது. எனவே ட்வீட்டரை நீக்குகிறவர் அதற்கு உரிய சுற்றையும் ஜாக்கிலிருந்து முற்றிலும் துண்டிக்க வேண்டும். பாதி வேலை செய்து நிறுத்துவது இங்கே முழு வேலையைவிட மோசமானது.

ஓம் கணக்கைப் பற்றி வீண் பயம் வேண்டாம். ட்வீட்டர் 8 ஓம், ஊஃபர் 8 ஓம், இரண்டும் சேர்ந்து 4 ஓம், ஒன்றை எடுத்தால் ஆம்ப் பாதிக்கப்படும் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அது தவறு. கிராஸ்ஓவர் இருவருக்கும் வெவ்வேறு எல்லைகளைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டதால் எந்த அதிர்வெண்ணிலும் இருவரும் முழுச் சுமையாகச் சேர்ந்து நிற்பதில்லை. பெட்டியின் பின்புறத்தில் அச்சிட்ட எண் ஊஃபர்களின் கணக்கே. 8 ஓம் ஊஃபர்கள் இரண்டு இணையாக இருந்தால் 4 ஓம். தொடராக இருந்தால் 16. நான்கை இரண்டிரண்டாகத் தொடரில் கட்டி அந்த ஜோடிகளை இணையாகச் சேர்த்தால் மறுபடியும் 8. மல்டிமீட்டரை ஜாக்கில் வைத்து அளந்தால் 8 ஓம் பெட்டி பெரும்பாலும் ஆறு ஓமுக்கு அக்கம்பக்கம் காட்டும். மீட்டர் நேர்மின்சாரத்தால் அளக்கிறது, ஆகையால் சுருளின் வெறும் தடையைத்தான் அது காணும். வேலைக்கு முன்னும் பின்னும் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் ஊஃபர்களை இணைத்த விதம் மாறவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். பின்னது பூஜ்யத்தை நெருங்கினால் எங்கோ கம்பிகள் தொட்டுக்கொண்டிருக்கின்றன. ஆம்பை இணைக்கக் கூடாது.

திறப்பதற்கு முன்னால் பெட்டியின் பின்பக்கத்தைப் பாருங்கள். ட்வீட்டரின் அளவைக் குறைக்க ஒரு குமிழோ, அதை அணைக்க ஒரு ஸ்விட்சோ பல பெட்டிகளில் இருக்கும். முதல் வகைப் பெட்டியாக இருந்து, குமிழைப் பூஜ்யத்தில் வைத்தாலே மனம் நிறைந்துவிட்டால், ஸ்குரூ டிரைவரைத் தொட வேண்டியதே இல்லை. பெட்டிக்குள்ளேயே ஆம்பும் சேர்ந்திருக்கும் காம்போ வகையானால், அல்லது மின்சாரத்தைத் தானே வாங்கும் பெட்டியானால், வேலையை அனுபவம் உள்ளவரிடம் விட்டுவிடுவதே உசிதம். சிங்கப்பூரின் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், வால்வு ஆம்புகளின் உள்ளே அதைவிட மிக அதிகம், அதுவும் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தங்கி நிற்கும். நான் இங்கே சொல்வதெல்லாம் ஆம்பு இல்லாத வெறும் பெட்டிக்கே பொருந்தும். ஜாக்கிலிருந்து கேபிளை உருவிவிட்டால் அதில் மனிதனுக்குத் தீங்கு செய்யக்கூடிய மின்சாரம் எதுவும் இல்லை.

பெட்டியை மல்லாக்காகப் படுக்க வைத்து, முன்வலையைக் கழற்றி, ஊஃபரின் திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். காந்தம் கனமானது, கை நழுவினால் கூம்பு கிழியும். ஊஃபரைத் தூக்கியதும் எதையும் தொடுமுன் கைப்பேசியால் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்; ஒவ்வொரு கம்பிக்கும் காகிதத் துண்டில் அது எங்கிருந்து எங்கே போகிறது என்று எழுதி ஒட்டுங்கள். பிறகு ஜாக்கின் இரு முனைகளிலிருந்து கிராஸ்ஓவர் பலகைக்குப் போகும் கம்பிகளை அங்கிருந்து கழற்றி, 1.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறையாத செம்புக் கம்பியால் அவற்றை ஊஃபரின் முனைகளுக்கு நேரே கொண்டுபோக வேண்டும். கூட்டல் முனை கூட்டலுக்கு, கழித்தல் முனை கழித்தலுக்கு. முனையில் குறி அழிந்திருந்தால் 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றைக் கணநேரம் தொட்டுப் பார்க்கலாம். கூம்பு வெளியே பிதுங்கினால் பேட்டரியின் கூட்டல் பட்ட முனையே கூட்டல். இரண்டு அல்லது நான்கு ஊஃபர்கள் உள்ள பெட்டியில் ஒன்று மட்டும் தலைகீழாக இணைந்துவிட்டால், ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுத்து, வாத்தியத்தின் அடிநாதமே மெலிந்துபோய்விடும்.

தகட்டுக் கிளிப் போட்ட கம்பிகளானால் சால்டரிங் அவசியமில்லை; ஊஃபர் முனைகளின் அளவுக்குப் பொருந்தும் கிளிப்புகள் சிம் லிம் டவரில் பாக்கெட்டாகக் கிடைக்கின்றன. பற்றவைக்கத்தான் வேண்டுமென்றால் முனையைச் சூடாக்கி அதன்மேல் ஈயம் தானே உருகி ஓடும்படி செய்ய வேண்டும், உருண்டையாக ஒட்டக் கூடாது. பெட்டியின் அதிர்வில் அரைகுறைப் பற்று நிச்சயம் விட்டுப்போகும். விடுபட்ட கம்பி முனைகளின்மேல் சுருங்கு குழாய் போட்டு மூடி, ஒன்றோடொன்று உராயாதபடி கட்டிவிடுங்கள். உள்ளே ஆடும் கம்பி ஒன்று பெட்டியின் சுவரைத் தட்டினால், அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று நாள் முழுதும் தேட வேண்டியிருக்கும்.

ட்வீட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்காதீர்கள். அது மௌனமாக அங்கேயே இருக்கட்டும். பேஸ் பெட்டி வெறும் மரக்கூடு அன்று. அதன் உள்ளளவும் காற்றுத் துளையின் நீள அகலமும் குறிப்பிட்ட ஊஃபருக்காகக் கணக்கிட்டு அமைத்தவை. ஆஸ்திரேலியாவின் நெவில் தீல் 1961இல் அந்தக் கணக்குகளை வகுத்து வெளியிட, 1970களின் தொடக்கத்தில் ரிச்சர்ட் ஸ்மால் அவற்றை விரித்துப் பூர்த்தி செய்தார். உலகெங்கும் பெட்டி செய்கிறவர்கள் இன்றும் அவ்விருவர் பெயரால் வழங்கும் அளவுகளைக் கொண்டே வேலை செய்கிறார்கள். ட்வீட்டரை எடுத்துத் துளையைத் திறந்து விட்டால் காற்று அவ்வழியே கசிந்து அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். எடுத்தே தீரவேண்டும் என்றால் அதே கனமுள்ள பிளைவுட் துண்டால், இடையில் ரப்பர் அல்லது ஸ்பாஞ்சுப் பட்டை வைத்து, காற்றுப் புகாமல் அடைக்க வேண்டும்.

இவ்வளவு சொன்ன பிறகு என் சொந்த அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுகிறேன். கம்பியை அறுத்து நிரந்தரமாக்குவதைவிட, பின்பக்கத்தில் உறுதியான ஒரு இருவழி ஸ்விட்சைப் பொருத்தி, ஒரு பக்கம் பழைய சுற்று, மறுபக்கம் நேர்வழி என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே சிறந்தது. ஸ்விட்ச் ஆம்பின் மின்னோட்டத்தைத் தாங்கக் கூடியதாக இருக்க வேண்டும். வாசித்துக்கொண்டிருக்கும்போது அதை மாற்றவும் கூடாது, சுமை ஒரு கணம் அறுபடுவது வால்வு ஆம்புக்கு நல்லதல்ல. இப்படி வைத்தால் இரண்டு ஓசைகளையும் அடுத்தடுத்து ஒப்பிட்டுக் கேட்க முடிகிறது. மாதக்கணக்கில் வாசித்த பிறகு மனம் மாறினாலும் நஷ்டமில்லை. ட்வீட்டரை வெறுப்பவர்கள்கூட, அது தரும் ஒரு நன்மையை மறக்கக் கூடாது. 10 அங்குலக் கூம்பு 1,400 ஹெர்ட்ஸுக்கு மேல் போகப் போக ஒலியை நேர்முன்னால் மட்டுமே வீசத் தொடங்குகிறது. பக்கத்தில் நிற்கும் பாடகருக்கும் தபலாக்காரருக்கும் மேற்பகுதி எட்டாது. ட்வீட்டர் அதை அகலமாகப் பரப்பிக்கொண்டிருந்தது. அதை நீக்கினால் பெட்டியைச் சற்றுச் சாய்த்தோ உயர்த்தியோ வைத்து, அதன் நேர்ப்பார்வை வாசிப்பவரின் காதுக்கு வரும்படி செய்வது அவசியமாகிறது.

பெரிய அரங்குகளில் சபையினர் கேட்பது இந்தப் பெட்டியையே அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். பேஸ் கிட்டாரின் ஓசை டி.ஐ. பெட்டி என்னும் சிறு கருவி வழியாக அரங்கின் ஒலிக்கலவை மேசைக்கு நேரே போய்விடுகிறது. மேடைப் பெட்டி வாசிப்பவருக்கும் உடன் நிற்பவர்களுக்கும் மட்டுமே. பயிற்சி அறைகளிலும் சமூக மன்றங்களின் சிறு கூடங்களிலும் வீட்டிலும்தான் அது முழுப் பொறுப்பை ஏற்கிறது. வீடு என்றால் இங்கே பெரும்பாலோருக்கு வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி. ட்வீட்டரை மௌனமாக்கினால் அயலாருக்குத் தொந்தரவு குறையும் என்று எண்ணுவது பெரிய பிழை. 3,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 11 சென்டிமீட்டர்தான். ஒரு கதவும் திரைச்சீலையும் அதைப் பெருமளவு தடுத்துவிடும். 41 ஹெர்ட்ஸ் அலையோ எட்டு மீட்டருக்கும் அதிகம். நம் கூடத்தைவிட நீளமான அந்த அலை கான்கிரீட் தளத்தையும் சுவரையும் அதிரச் செய்துகொண்டே மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் போய்விடுகிறது. இரவு நேரத்தில் அமைதி காக்கும்படி குடியிருப்பாளர்களைக் கேட்டுக்கொள்ளும் இந்நகரத்தில், அந்நேரத்தில் ஆம்பின் ஹெட்ஃபோன் வாயிலே பேஸ் வாசிப்பவருக்குத் துணை. பகலிலும் பெட்டியின் அடியில் கனத்த ரப்பர் மெத்தை ஒன்றைப் போட்டால் தளத்துக்கு நேரே இறங்கும் அதிர்வு ஓரளவு மட்டுப்படும்.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் சுமார் 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது என்று தேசியச் சுற்றுப்புற வாரியம் சொல்கிறது. ட்வீட்டர் கருகியதற்காக ஒரு முழுப் பெட்டியும், அதன் நல்ல ஊஃபரும் கனத்த காந்தமும் பிளைவுட்டும் சேர்த்துத் தூக்கி எறியப்படுவதை நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே மனம் வருந்துகிறது. அரைநாள் உழைப்பும் சில வெள்ளி மதிப்புள்ள கம்பியும் அதை இன்னும் பல்லாண்டு வாசிக்க வைக்கும். தனியே செய்யத் தயங்குகிறவர்களுக்கு, 2014இல் தொடங்கிய ரிப்பேர் கோப்பிதியாம் என்னும் தொண்டர் இயக்கம் இருக்கிறது. பழுதான சாமானைக் கொண்டுவருகிறவருக்கு அதை அவர் கையாலேயே சரிசெய்யக் கற்றுக்கொடுப்பது அவர்களுடைய வழக்கம். அந்த வழக்கம் எனக்கு மிகவும் உவப்பானது.

வேலை முடிந்து பெட்டியை மூடியபின், முதலில் ஆம்பை மிகக் குறைந்த அளவில் வைத்து, கீழ்த் தந்தியிலிருந்து மேல் தந்தி வரை ஒவ்வொரு கட்டையாக மெதுவாக வாசித்துக்கொண்டே போக வேண்டும். எங்கேனும் ஒரு சுரத்தில் மட்டும் ‘ஜிர்’ என்று இரைந்தால் திருகாணி ஒன்று தளர்ந்திருக்கலாம், அல்லது உள்ளே கம்பி ஆடலாம். அடிநாதம் மெலிந்திருந்தால் கூட்டல், கழித்தலை மறுபடி பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தால், தினமும் வாசிக்கும் உருப்படிகளைச் சில நாட்கள் அதில் வாசித்து, ஆம்பின் ட்ரெபிள் குமிழைப் புதிய ஓசைக்கு ஏற்பத் திருத்திக்கொள்ளலாம். முன்பு ட்வீட்டருக்கு அஞ்சிக் குறைத்து வைத்திருந்தவர்கள் இப்போது தாராளமாக ஏற்றலாம் என்பதைக் காண்பார்கள். கழற்றிய கிராஸ்ஓவரை ஒரு பையில் போட்டு, எடுத்த படங்களின் அச்சையும் கூடவே வைத்துப் பத்திரப்படுத்துங்கள். பெட்டியின் பின்தகட்டில், ட்வீட்டர் துண்டிக்கப்பட்டிருக்கிறது என்பதையும், செய்த தேதியையும், அளந்த ஓம் எண்ணையும் அழியாத மையால் எழுதி வையுங்கள்; என்றேனும் பெட்டியை விற்கும்போது அந்தப் பையையும் வாங்குகிறவரிடம் கொடுத்துவிட்டால், ட்வீட்டர் பழுதென்று எண்ணி அவர் வீணாகப் பணம் செலவழிக்க மாட்டார்.